மஞ்சளுக்கு விட்ட ஓரம்

அந்தச் சனிக்கிழமை காலை பதுளைக் கடைவீதியில், என் அண்ணன், எங்கள் நானாவின் ஃபோட்டோக்கொப்பிக் கடையில் நின்றிருந்தேன். இந்த ஆண்டுப் புதையல் வேட்டைக்கான தாள்கள் இயந்திரத்திலிருந்து ஒவ்வொன்றாக வந்துகொண்டிருந்தன. பாடசாலை அதிபர் ஃபோனில் அழைத்தார். "பாரூக் சேர், ஜெசிந்தா டீச்சர் நம்மள விட்டுட்டுப் போயிட்டாங்க" என்றார். மரணச் செய்தி கேட்டால் நாங்கள் சொல்லும் இன்னாலில்லாஹி வாயில் தானாக வந்தது. அதற்குப் பிறகு நான் என்ன பேசினேன் என்று நினைவில்லை. நானாதான் இயந்திரத்தை நிறுத்தினார். அடையாள அட்டையை நீட்டிக்கொண்டு நின்ற ஒருவரை அவர் கையசைத்துப் பொறுக்கச் சொன்னது மட்டும் நினைவிருக்கிறது.

டீச்சரை அறிந்தவர்கள்தான் பெரும்பாலும் இதை வாசிப்பீர்கள். அவருடைய நல்ல குணங்களை உங்களுக்கு நான் பட்டியல் போட்டுக் காட்ட வேண்டியதில்லை. பட்டியல் போட்டால் அவருக்கே பிடிக்காது. நான் சொல்ல வந்தது அவர் கொடுத்த ஒரு வாக்கைப் பற்றி. அதில் எனக்கும் ஒரு பங்கு உண்டு, பெருமைப்படக் கூடிய பங்கு அல்ல. ஆனாலும் சொல்கிறேன்.

அவர் நமுனுகுல மலைச்சரிவில், நாங்கள் படிப்பித்த அதே தேயிலைத் தோட்டத்தின் தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் பிறந்தவர். பசறையில் படித்து, ஆசிரியப் பயிற்சி முடித்து, திரும்பவும் அந்தத் தோட்டத்துப் பாடசாலைக்கே வந்தார். பதுளைக்கு இடமாற்றம் கேட்கும்படி பலர் சொல்லியும் கேட்கவில்லை. நானோ பதுளை பஸாரில் வளர்ந்தவன். பசறைக்கு ஒரு பஸ், அங்கிருந்து வளைந்து வளைந்து ஏறும் இன்னொரு பஸ் என்று வந்து, பாடசாலை வாசலில் இறங்குவதையே பெரிய தியாகமாக எண்ணியிருந்தவன். தரம் இரண்டு வகுப்பு எனக்கு, தரம் மூன்று அவருக்கு. நான் ஓராண்டு பிசைந்த மாவில்தான் அவர் ரொட்டி சுடவேண்டும் என்று கேலி செய்வார். "இந்த வருசமும் தண்ணி கூடிப்போச்சு சேர்" என்று ஜனவரி முடிவதற்குள் சொல்லிவிடுவார். வயதில் எனக்கு ஐந்து ஆண்டு இளையவர், பேச்சில் எனக்கு ஐந்து ஆண்டு மூத்தவர்.

அவர் அந்த வாக்கைக் கொடுத்தது, பெற்றோலுக்கு நாடே வரிசையில் நின்ற ஆண்டில். வண்டிக்காரர் ஒவ்வொருவருக்கும் கறுப்பு வெள்ளைக் கட்டங்கள் போட்ட கியூஆர் தாள் ஒன்று வேண்டியிருந்தது. நானாவின் கடையில் முச்சக்கரவண்டிக்காரர்கள் அதை அச்சடிக்க மொய்த்துக் கிடந்தார்கள். பரீட்சைத் தாள் பிரதியெடுக்க வந்த ஜெசிந்தா டீச்சர் தம் வேலையை மறந்து அந்தத் தாள்களையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"இதுக்குள்ள வண்டி நம்பர் மட்டுந்தான் இருக்குமா நானா?"

"என்னத்தப் போட்டாலும் இருக்கும் டீச்சர்."

"தமிழ்ல போட்டா?"

நானா அவருடைய பெயரைத் தட்டச்சு செய்து ஒரு கட்டம் அச்சடித்துக் கொடுத்தார். டீச்சர் தம் ஃபோனை அதற்கு நேரே பிடித்தார். திரையில் "ஜெசிந்தா" என்று வந்தது. சின்னப் பிள்ளை மாதிரி மூன்று தடவை பிடித்துப் பார்த்தார். "இத எம் பிள்ளைங்க பாக்கணும்" என்றார். அன்று பரீட்சைத் தாள் பிரதியெடுக்காமலே போய்விட்டார்.

மறுநாள் ஆசிரியர் அறையில் திட்டத்தைச் சொன்னார். தோட்டத்தில் மூன்று இடங்களில் கட்டங்களை ஒட்டுவது. ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் அடுத்த இடத்துக்கான குறிப்பு. பிள்ளைகள் ஃபோனைப் பிடித்து, வரும் எழுத்தை வாசித்து, அடுத்த இடத்துக்கு ஓடவேண்டும். கடைசியில் புதையல். நான் சிரித்துவிட்டேன். "இதெல்லாம் டவுன் பள்ளிக்கூட வெளையாட்டு டீச்சர். கொரோனாவுல ரெண்டு வருசம் வீட்டுல கெடந்த பிள்ளைகள். எழுத்துக் கூட்டவே தடுமாறுதுகள்" என்றேன். அவர் கோபப்படவில்லை. "வாசிக்க வராத பிள்ள கெடையாது சேர். வாசிக்கிறதுக்கு ஒரு காரணம் கெடைக்காத பிள்ளதான் இருக்கு" என்றார். பாடசாலைக்குள் ஃபோன் கொண்டுவரத் தடை இருந்தது. அதிபர் தலையைச் சொறிந்து, ஒரே ஒரு நாளைக்கு மூன்று ஆசிரியர்களின் ஃபோனுக்கு மட்டும் அனுமதி தந்தார். அது சரிவராவிட்டால் இனி அந்தப் பேச்சே எடுக்கக்கூடாது என்றும் சொன்னார்.

இடம் பார்ப்பதற்காக டீச்சர் கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்குப் போனார். மத்தியானம் பெண்கள் பறித்த கொழுந்தைப் பைகளோடு கொண்டுவந்து வரிசையாக நிற்கும் கூரைக் கொட்டகை அது. அங்கே சாந்தி என்ற பெண் நின்றிருக்கிறார். டீச்சர் வகுப்பில் படித்த தர்ஷினியின் அம்மா. பெற்றோலுக்கு ஒட்டுகிற தாளா என்று கேட்டிருக்கிறார். பிள்ளைகள் வாசிப்பதற்கு என்று டீச்சர் சொன்னதும் சாந்தியின் முகம் சுருங்கிப்போயிற்றாம். "எம் பிள்ளைக்கு வாசிப்பு வராதுன்னு பள்ளிக்கூடத்துலயே சொல்லிட்டாங்க டீச்சர். அதுக்கு மலைதான். என்ன மாதிரி" என்றிருக்கிறார். மலை என்றால் எங்கள் பக்கத்தில் தேயிலை மலை. அங்கே கொழுந்து பறிக்கத்தான் மகள் போவாள் என்று, அவளுடைய எட்டு வயதிலேயே தாய் முடிவு கட்டிவிட்டார்.

டீச்சர் மூச்சு வாங்கத் திரும்பி வந்தார். "மடுவத்துல வாக்குக் குடுத்துட்டு வந்திருக்கேன் சேர். தர்ஷினி அவ அம்மா முன்னாடி, அந்த வரிசையில நிக்கிற அத்தன பேரு முன்னாடியும் வாசிச்சுக் காட்டும்னு சொல்லிட்டேன். இல்லாட்டி மூணாம் வகுப்ப வேற யாருக்காவது குடுக்கச் சொல்லுறேன்னும் சொல்லிட்டேன்" என்றார். தர்ஷினிக்கு வாசிப்பு வராது என்று யார் சொன்னதாம் என்று நான் கேட்கவில்லை. கேட்கத் தேவையில்லை. சொன்னவன் நான். முந்தைய ஆண்டு, பஸ் நிறுத்தத்தில் வைத்து, கொழும்பில் வேலை செய்யும் அவளுடைய அப்பாவிடம், "இந்தப் பிள்ளைக்கு வாசிப்பு வராதுங்க, வீணா அடிக்காதீங்க" என்று நல்ல புத்தி சொல்வதாக நினைத்துச் சொன்னேன். அவர் அதை வீட்டில் என் பெயர் போட்டுச் சொல்லியிருக்கமாட்டார் என்று நம்பினேன். அந்த நம்பிக்கையில் வாயை மூடிக்கொண்டேன்.

குறிப்புகள் எழுதுவதில் அவர் பட்ட பாட்டைப் பக்கத்தில் இருந்து பார்த்தேன். எழுத்து கூடக்கூடக் கட்டத்துக்குள் இருக்கும் புள்ளிகள் பொடிப் பொடியாகப் போயின. எங்கள் பழைய ஃபோன்கள் பொடிக் கட்டங்களைப் படிக்க மறுத்தன. பத்துச் சொல்லுக்கு மேல் போவதில்லை என்று சட்டம் போட்டார். "பத்துச் சொல்லுக்கு மேல பேசுறவங்க தெரியாதத மறைக்கப் பேசுறாங்க" என்று என்னைப் பார்த்துச் சொன்னார். வார்த்தைகளே கட்டத்துக்குள் இருந்ததால் சிக்னல் தேவைப்படவில்லை. எங்கள் தோட்டத்தில் சிக்னல் வேண்டுமென்றால் தண்ணீர்த் தாங்கிக்கு மேலே ஏறவேண்டும். எழுத்துக்குப் பதில் அவருடைய குரலைப் பதிந்து போடலாமே என்று நானா ஒரு யோசனை சொன்னார். "சத்தம் போட்டா கேட்டுக்கிட்டே போயிடுவாங்க. எழுத்துப் போட்டாத்தான் நிப்பாங்க" என்று மறுத்துவிட்டார். தாளுக்கும் தட்டுப்பாடு இருந்த காலம். அதனால் ஒரே தாளில் நான்கு கட்டங்களை நெருக்கி அச்சடித்து, ஓரம் இல்லாமல் ஒட்ட வெட்டினோம். ஒன்று பாடசாலை வாசலுக்கு, மற்ற மூன்றும் தோட்டத்துக்கு. மேலதிகப் பிரதி என்று ஒன்றும் இல்லை.

நவராத்திரிக் காலம். பாடசாலையில் சரஸ்வதி பூசை நடத்தினோம், அவலும் கடலையும் தின்றோம், ஆயுத பூசை நாளுக்கு விடுமுறை விட்டோம். அதற்கு முன்பே டீச்சர் கட்டங்களை ஒட்டிவிட்டார். ஒன்று, வேலைக்குப் போகும் தாய்மார் கைக்குழந்தைகளை விடுகிற பிள்ளைக் காம்பராவில். ஒன்று அம்மன் கோயில் மண்டபத்தில். ஒன்று மடுவத்தில். வேட்டை அந்த ஆயுத பூசைக்கு மறுநாள். மாதா கோயிலுக்குப் போகிற அவருக்கும் பள்ளிவாசலுக்குப் போகிற எனக்கும், பூசை நாளில் தோட்டத்தில் என்னென்ன நடக்கும் என்று ஒரு நிமிடம்கூட யோசிக்கத் தோன்றவில்லை. இத்தனை ஆண்டு அவலும் கடலையும் தின்றதுதான் மிச்சம்.

காலையில் இருபத்தெட்டுப் பிள்ளைகளும் வாசலில் அப்போதுதான் ஒட்டிய முதல் கட்டத்தை வாசித்தார்கள். "குட்டித் தம்பிகள் தூங்கும் வீட்டுக்கு ஓடு." பிள்ளைக் காம்பராவுக்கு ஓடினோம். சுவரைப் பார்த்ததும் டீச்சர் அப்படியே நின்றுவிட்டார். தாளின் நான்கு மூலையிலும் கட்டைவிரல் அகலத்துக்கு மஞ்சள் அப்பியிருந்தது. கட்டத்தின் மூன்று மூலைகளில் இருக்கும் பெரிய சதுரங்களைப் பார்த்துத்தான் ஃபோன் அதைக் கட்டம் என்றே அறிந்துகொள்ளும். அந்த மூன்றும் மஞ்சளுக்குள் போய்விட்டன. துணியால் துடைத்தால் மஞ்சளோடு மையும் சேர்ந்து பச்சையாக வழிந்தது. காம்பராவைப் பார்த்துக்கொள்ளும் அம்மா பெருமையாக வந்து நின்றார். "பூசைக்கு எல்லா எடத்துலயும் மஞ்சள் வச்சிட்டோம் டீச்சர். மடுவத்துல சாந்திதான் மொதல்ல வச்சா" என்றார். அதிபர் சுவரில் சாய்ந்து சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. உண்மையைச் சொன்னால், மனத்தின் ஒரு மூலையில் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது.

டீச்சர் யாரையும் ஒரு வார்த்தை கடிந்துகொள்ளவில்லை. பிள்ளைகளை நேரே மடுவத்துக்கு நடத்தினார். நிறுவை நேரம் நெருங்கியிருந்தது. பெண்கள் பைகளோடு வரிசையில் நின்றார்கள். தராசுக்குப் பொட்டு, கணக்கப்பிள்ளையின் மேசைக்குப் பொட்டு, தூணில் எங்கள் தாளுக்கு நான்கு மூலை மஞ்சள்.

"படிப்புத் தாளுன்னு சொன்னீங்களே டீச்சர்" என்றார் சாந்தி, எங்கள் முகங்களைப் பார்த்துக் கலங்கிப்போய். "பூச நாளுல மூளியா விடலாமா? கல்யாணப் பத்திரிகைக்கு வைக்கிற மாதிரி நாலு மூலைக்கும் வச்சேன். தப்பா?"

"தப்பே இல்ல சாந்தி. நாந்தான் ஓரம் விடாம வெட்டிட்டேன்" என்றார் டீச்சர்.

நான் அவரைத் தனியே இழுத்தேன். குறிப்பை அவரே வாயால் சொல்லிவிடட்டும், அல்லது ஒரு தாளில் எழுதிக் காட்டட்டும் என்றேன். "வாயால சொன்னா வாக்குப் போச்சு. கையால எழுதுனா அதுவும் கரும்பலக மாதிரிதான். அந்தக் கட்டத்துக்குள்ள என்ன இருக்குன்னு பாக்கத்தான் காலையில இருந்து ஓடி வர்றாங்க" என்றார். பிறகு என் ஃபோனை வாங்கினார். வாசலில் ஒட்டிய கட்டத்தை நான் படம் பிடித்து வைத்திருந்தேன். அதைப் பெரிதாக்கிப் பார்த்தார். மூன்று மூலைச் சதுரமும் ஒரே மாதிரி. வெளியே கறுப்புச் சட்டம், உள்ளே வெள்ளை, நடுவில் கறுப்புக் கட்டி. ஒரு பிள்ளையின் கொப்பியிலிருந்து வெள்ளைத் துண்டு வெட்டி மூலையில் ஒட்டி, கறுப்புப் பேனாவால் வரைந்தார். கோடு கோணலாகப் போயிற்று. ஃபோன் படிக்கவில்லை. இன்னொரு துண்டு ஒட்டினார், அதுவும் கோணல்.

"குடுங்க டீச்சர்" என்று சாந்தி பேனாவை வாங்கினார். அந்த மடுவத்தில் பைகள் எல்லாம் ஒரே மாதிரி இருக்கும். எழுதத் தெரியாத பெண்களின் பைகளில் கட்டம், வட்டம், சூலம் என்று ஆளுக்கொரு அடையாளம் போட்டுக் கொடுப்பவர் சாந்திதான். என் ஃபோனில் இருந்த படத்தை ஒருமுறை பார்த்தார். மூன்று மூலையிலும் மூன்று சதுரம், அளவுகோல் இல்லாமல், நூல் பிடித்த மாதிரி. கணக்கப்பிள்ளை தராசை நிறுத்திவிட்டு எழுந்து வந்து பார்த்தார். நான்காவது மூலையையும் துடைக்கப் போன சாந்தியின் கையை டீச்சர் பிடித்துக்கொண்டார். "அந்த மூலையில சதுரம் இல்ல. மஞ்சள் அங்கேயே இருக்கட்டும்" என்றார்.

என் ஃபோனை என்னிடமே திருப்பித் தந்து, "நீங்க புடிங்க சேர். தர்ஷினி, நீ வாசி" என்றார். பிடித்தேன். படித்துவிட்டது. எழுத்து வந்தது. தர்ஷினி என் முழங்கைக்குப் பக்கத்தில் நின்று திரையைப் பார்த்தாள். முதல் சொல்லுக்கு வெகுநேரம் எடுத்தாள். பிறகு, "உன்... அம்மாவின்... பைக்குள்... கை... விடு" என்று வாசித்தாள். ஒரு தரம் நின்று, முழுவதையும் சேர்த்து இன்னொரு தரம் சத்தமாக வாசித்தாள். அடுத்த நிமிடம் இருபத்தெட்டுப் பிள்ளைகளும் பைகளின் மேல் பாய்ந்தார்கள். மலைக்கு வராத தாய்மாரின் பைகளும் அங்கே இருந்தன. புதையலான பென்சில் பெட்டிகளைத் தாய்மார் காலையிலேயே டீச்சரிடம் வாங்கி ஒளித்து வைத்திருந்தார்கள். கொழுந்து மடுவம் முழுக்கச் சிதறியது. சாந்தி அழுதுகொண்டே மகளைக் கட்டிக்கொண்டார். டீச்சர் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவர் அழுததை அன்றுதான் பார்த்தேன்.

அடுத்த ஆண்டிலிருந்து அவர் அச்சடித்த ஒவ்வொரு கட்டத்தைச் சுற்றியும் இரண்டு விரல் அகலத்துக்கு வெள்ளை ஓரம் இருந்தது. தாளை வீணாக்காதீர்கள் என்று நான் சொன்னபோது, "மஞ்சளுக்கு எடம் வேணும் சேர்" என்றார். அவருடைய தாள்களைப் பார்த்து வேறு பல பாடசாலைகளிலும் இன்று வேட்டை நடக்கிறது. ஏன் இவ்வளவு பெரிய ஓரம் என்று தெரியாமலே அவர்களும் விடுகிறார்கள். இதைப் பற்றிப் பேச அவரைப் பதுளைக்கு ஒரு பயிற்சி வகுப்புக்கு அழைத்தார்கள். அவர் சாந்தியையும் கூட்டிக்கொண்டு போனார். நூறு ஆசிரியர்கள் முன்னால், கரும்பலகையில், சாந்தி மூன்று சதுரங்களை வரைந்து காட்டினார். அந்தக் கூட்டத்தில் பின்வரிசையில் இருந்து முதலில் கைதட்டியவன் நான். எங்கள் பாடசாலை, எங்கள் டீச்சர் என்று பக்கத்தில் இருந்தவரிடம் அவர் கேட்காமலே சொன்னேன்.

வைத்தியசாலையில் நான் கடைசியாகப் பார்த்தபோது மிகவும் மெலிந்திருந்தார். இந்த ஆண்டுக் குறிப்புகளை இம்முறை நான் எழுதியிருந்தேன். ஒன்றை வாசித்துக் காட்டினேன். "கோயில் மணிக்குக் கீழே இருக்கும் பெரிய கல்லுக்குப் பக்கத்தில் உள்ள பழைய பெட்டியைத் திறந்து பார்." கண்ணை மூடிக்கொண்டு விரல் விட்டு எண்ணினார். "பன்னெண்டு சேர்" என்றார். "மணிக்குக் கீழே பெட்டி. திற. போதும்." நான் சிரித்தேன், அவரும் சிரித்தார். அந்தச் சிரிப்புக்கே அவருக்கு இளைப்பு வந்துவிட்டது. தாதி என்னைப் போகச் சொன்னார்.

பசறைச் சேமக்காலையில், மாதா கோயிலாரின் இடுகாட்டில், அடக்கம் நடந்தது. மழை தூறிக்கொண்டிருந்தது. தோட்டத்தில் அன்று வேலைக்குப் போனவர்கள் குறைவு என்று பிறகு கேள்விப்பட்டேன். தோட்ட மக்கள் சார்பில் அஞ்சலி வாசிக்க ஒரு பிள்ளை முன்னால் வந்தாள். இப்போது பசறையில் மேல் வகுப்பில் படிக்கும் தர்ஷினி. இரண்டு பக்கம். ஒரு சொல்லில்கூட அவள் தடுமாறவில்லை. குரல் உடைந்த இடத்தில் நின்று, மூச்சு விட்டு, விட்ட இடத்திலிருந்து சரியாகத் தொடங்கினாள். என் பக்கத்தில் சாந்தி நின்றார். "எழுதுனதும் அவதான் சேர்" என்றார், கண்ணைத் துடைக்காமலே.

இனியும் மறைத்தால் நான் மனிதனில்லை என்று தோன்றியது. "சாந்தி, அவளுக்கு வாசிப்பு வராதுன்னு ஒங்க வீட்டுக்காரர்கிட்ட சொன்னது நான்தான்" என்றேன்.

"தெரியும் சேர்" என்றார் சாந்தி. "மடுவத்துல டீச்சர்கிட்ட ஒங்க பேரச் சொல்லித்தான் அழுதேன். 'அவரு நல்ல மனுசன், அவசரப்பட்டுட்டாரு. அன்னைக்கு அவரையே ஃபோன் புடிக்க வைக்கிறேன். ஒங்க பிள்ள வாசிக்கும்போது அவரும் பக்கத்துல நிக்கட்டும்' அப்படின்னாங்க."

இத்தனை ஆண்டுகள் ஒரே ஆசிரியர் அறையில், ஒரே மேசையில் சாப்பிட்டோம். மாவில் தண்ணீர் கூடிப்போயிற்று என்று ஆயிரம் தடவை கேலி செய்தவர், இதை ஒரு தடவைகூடச் சொல்லிக் காட்டவில்லை. என்னைத் தலைகுனிய வைக்காமலே என்னைத் திருத்தினார். அப்படிப்பட்டவரோடு வேலை செய்தேன் என்பதே எனக்குப் பெருமை. ஜெசிந்தா டீச்சரிடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொள்வது, வாசிக்கத் தொடங்கும் ஒரு பிள்ளைக்குப் பக்கத்தில் அவர் எனக்கு ஒதுக்கித் தந்த இடத்தைத்தான்.